எத்தனை வாரம்

கேள்வி நான்கு: எப்போது தொடங்கியது?
விடையை வாரங்களில் தரவேண்டும்.
படிவத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

தங்கச்சிமடம் சுகாதார நிலையத்தில்
தடுப்பூசி அறைக்கு அடுத்தது எனக்கு.
மருந்துப் பெட்டியின் உறுமல்
சுவர் வழியே வந்துகொண்டிருக்கும்.
முதல் நாள் கிளாட்வின் அதைக் காட்டித்தான் கேட்டான்,
"இது உங்களுக்கும் கேக்குதா?"
கேட்கிறது என்றேன்.
சற்றுத் தளர்ந்து உட்கார்ந்தான்.
வயது பத்தொன்பது.

அப்பா சொன்னார்:
"படகப் பிடிச்சிட்டுப் போனாங்கல்ல, அதுக்கப்புறந்தான்."
நாட்காட்டியில் எண்ணினேன். பன்னிரண்டு.

படகு ஓட்டுநர் சூசைமிக்கேல்
வெளியே நின்றபடியே சொன்னார்:
"சந்தியாகப்பர் கொடியேத்தத்துக்கே பய சரியில்ல.
வலைய இழுடான்னா
வலையப் பாத்துக்கிட்டு நிப்பான்."
முப்பது.

அக்கா ரெஜினாள்
பாசி எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியை
அவிழ்க்கவில்லை.
"தடைக்காலத்துல மேடம்.
படகெல்லாம் கரையில கெடந்துச்சு, எல்லாரும் வீட்ல.
அப்பத்தான்
சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்குக்
கதவத் தட்ட ஆரம்பிச்சான்.
தெறந்துதான் கெடக்கும்.
தட்டிட்டு, வரலாமான்னு கேப்பான்.
வெளையாடுறான்னு நெனச்சோம்."

முப்பத்தொன்பது.

என் ஆய்வே இந்த இடைவெளியைப் பற்றியதுதான்:
முதல் விரிசலுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில்
எத்தனை வாரம் கைவிட்டுப் போகிறது என்று.
குறையக் குறைய நல்லது.
அதை ஒரே வரியில் மாநாட்டில் சொல்லியிருக்கிறேன்,
குளிரூட்டிய அரங்கில், வரைபடத்தோடு.

கேள்வி பதினொன்று:
யாரோ உங்களைக் கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா?
கிளாட்வின் சிரித்தான்.
சிரிக்க வேண்டியதுதான்.
இங்கே ராடார் பார்க்கிறது,
இரண்டு நாட்டுக் கடற்படை பார்க்கிறது,
கரையில் டோக்கன் கொடுப்பவர் தலையை எண்ணுகிறார்.

கேள்வி பன்னிரண்டு:
முகம் தெரியாத குரல்கள் கேட்டதுண்டா?
"வயர்லெஸ்ல ராத்திரி பூரா கேக்கும் மேடம்.
சிங்களத்துல.
படகுல இருக்குற அஞ்சு பேருக்கும் கேக்கும்."

பேனாவை மேலே தூக்கிக்கொண்டேன்.
படிவம் எழுதியவர்கள்
எந்தக் கடலோரத்தில் இருந்தார்களோ.

பிறகு அவனே, சன்னலைப் பார்த்து:
"வயர்லெஸ்ஸ அமத்துன பெறகு
எனக்கு மட்டும் தமிழ்ல கேக்கும்.
எம் பேரச் சொல்லாது.
நான் செய்யிறதச் சொல்லும்.
இவன் கையக் கழுவுறான்.
இவன் இப்பச் சோறு திங்கிறான்."

அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டது.
நாங்கள் இருவரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

ஓரியூர் மண்ணை நெற்றியில் பூசியதற்கும்
ஏர்வாடியில் நாற்பது நாள் கிடந்ததற்கும்
படிவத்தில் கட்டம் உண்டு.
'தாமதத்துக்கான காரணம்' என்பது அதன் பெயர்.
நாற்பது நாளும்
தம்பியோடு தரையில் படுத்தவள் எதிரே இருக்க
அந்தப் பெயரை என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை.

"முன்னாடியே கூட்டியாந்திருந்தா?"
ரெஜினாள் கேட்டாள்.
பொய் சொல்லக் கூடாது, உண்மையை எறியவும் கூடாது.
"முதலில் பார்த்தது நீங்கதான்" என்றேன்.
அது விடையில்லை என்று
அவளுக்கும் தெரிந்தது.

அன்றிரவு விடுதி மாடியில்
என் கைப்பேசி ஒளிர்ந்தது:
வேறொரு நாட்டுக்கு என்னை வரவேற்கும் குறுஞ்செய்தி.
அக்கரைக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது.
நான் எங்கும் போகவில்லை
என்று யாரிடமாவது சொல்லத் தோன்றியது.

கட்டத்தில் முப்பது என்று எழுதி
அடித்து
முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் கேட்பார்,
எந்தச் சாட்சியின் பேரில் என்று.
கதவின் பேரில்.

மருந்து தொடங்கி ஆறாவது செவ்வாய்.
திறந்து கிடந்த என் கதவைக் கிளாட்வின் தட்டவில்லை.
வாசலிலேயே நின்றான்,
கை பாதி தூக்கியபடி,
தட்டுவதா வேண்டாமா என்று.
இதற்குக் கட்டமில்லை.
"வா" என்று சொல்லாமல்
நானும் கொஞ்ச நேரம்
இருந்தேன்.